முதல் ஊசிக்கும் இரண்டாவது ஊசிக்கும் நடுவில்

எழிலரசி பயந்த சுபாவக்காரி. தடுப்பூசி மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால், ஐஸ் உருகிவிட்டதா என்று பார்க்க மூன்று முறை மூடியைத் திறப்பாள். திறந்து திறந்து பார்த்ததாலேயே உருகியிருக்குமோ என்று நான்காவது முறையும் திறப்பாள். அவளுடைய கணவன் அன்பரசன் இதைச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அவள் கொண்டுபோன மருந்து ஒருநாளும் கெட்டுப்போனதில்லை என்பதையும் அவனே சொல்வான்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற குடும்பம் அவளுடையது. வட ஆற்காட்டைப் பிரித்து திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கிய 1989ஆம் வருஷம் அவளுக்கு இருபத்தொரு வயது. அந்த வருஷம்தான் கால்நடை ஆய்வாளர் பயிற்சிக்குச் சேர்ந்தாள். படித்த பெண் மாட்டு ஆஸ்பத்திரிக்கா போவாள் என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். வேலைக்கு வந்த புதிதில் பட்டிகளில் இருந்த ஆண்கள் ஆட்டை அவள் கையில் தர யோசித்தார்கள். கூட வந்த உதவியாளரிடம்தான் கயிற்றை நீட்டுவார்கள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஊசி போட்ட ஆட்டை மறுநாள் போய்ப் பார்ப்பாள், அதற்கு மறுநாளும் போவாள். நாலைந்து வருஷத்தில், "அந்தம்மா வந்தா போட்டுக்கறோம், இல்லன்னா வேணாம்" என்று சொல்லும் அளவுக்கு ஊர்கள் மாறின. ஊசி போடுகிற எல்லாரும் கிராமத்துக்கு டாக்டர்தான் என்பதால் அவளும் டாக்டரம்மா ஆனாள். முதலில் திருத்தினாள், பிறகு விட்டுவிட்டாள்.

1993இல் அன்பரசனுக்கும் அவளுக்கும் கல்யாணம். அவன் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கடைக்கு நாலு தெரு தள்ளி வீடு. 1995இல் ஒரு முறை, 1997 தொடக்கத்தில் ஒரு முறை, இரண்டு தடவை கர்ப்பம் தங்காமல் போயிற்று. இரண்டுமே மூன்றாவது மாதத்தில். காரணம் எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. முதல் தடவை ஊருக்கே சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவர் விசாரிப்புக்கும் பதில் சொல்லித் தீர வேண்டியிருந்தது. அதனால் 1998 மே மாதக் கடைசியில் மூன்றாவது முறையாக நாள் தள்ளிப்போனபோது அன்பரசனைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மாமியாருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. மூன்று மாதம் தாண்டட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். சொன்னால் கலைந்துவிடும் என்ற பயம் அவளைப் பிடித்திருந்தது. படித்தவள் நினைக்கிற நினைப்பா இது என்று தன்னையே கேட்டுக்கொண்டாலும் சொல்ல வாய் வரவில்லை.

அப்போது அவளுக்கு நொச்சிமேட்டில் வேலை. ஒரே ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு மருந்து அலமாரி. அதுதான் கிளை நிலையம். அந்த ஊரில் சடையனுக்கும் அவர் மனைவி ஜோதியம்மாளுக்கும் நாற்பது பெட்டைச் செம்மறிகள் இருந்தன. ஆடுகள் ஒன்று இப்போது, ஒன்று பிறகு என்று பருவத்துக்கு வந்து கிடாவுக்கு நிற்கும். குட்டிகளும் அப்படியே வருஷம் பூராவும் சிதறிப் பிறக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் பிறந்ததுகளுக்குத்தான் கஷ்டம். மேய்ச்சல் இல்லாமல் தாய்க்கு மடி காய்ந்துவிடும். அந்தக் கோடையில் மட்டும் பதினோரு குட்டிகள் செத்தன. ஒவ்வொன்றையும் எழிலரசி வந்து பார்த்தாள். கொடுக்க மருந்து எதுவும் இல்லை. பால் இல்லாததுதான் நோய்.

அவளுக்கு மேலே இருந்த கால்நடை மருத்துவர் ராமதாஸ் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அதற்கு முந்தைய நவம்பரில் அவர் ஆய்வாளர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்திருந்தார். ஒரு ஹார்மோன் ஊசி. போட்டால் ஆடு இரண்டு மூன்று நாளில் பருவத்துக்கு வந்துவிடும். சில ஆடுகள் முதல் ஊசிக்கு மசியாது. பதினோரு நாள் கழித்து இரண்டாவது ஊசி போட்டால் பட்டி மொத்தமும் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரும். ஆனி முடிவில் கிடா சேர்த்தால் மார்கழியில் குட்டி. மழை ஓய்ந்து, புல் நிற்கிற நேரம், தாய்க்குப் பால் இருக்கும். சோதனையாக ஒரு பட்டிக்கு மருந்து வந்திருந்தது. எழிலரசி சடையன் பட்டியைச் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம்ணா," என்று அவள் சடையனிடம் கேட்டாள். "எந்த ஆடும் சினையா இருக்கக் கூடாது. கெடா எப்பலேர்ந்து தனியா இருக்குது?"

"சித்திரையிலேர்ந்து கட்டித்தான் போட்டிருக்கேன் டாக்டரம்மா. சந்தேகமே வேணாம்," என்றார் சடையன்.

ஜூலை ஆறாம் தேதி, திங்கட்கிழமை காலையில் ஊசி போட்டாள். சடையன் பிடித்துக் கொடுத்தார், ஊசி போட்ட ஆட்டை ஜோதியம்மாள் பட்டியின் மறுபக்கம் தள்ளிவிட்டாள். பட்டிக்கு நுழையும்போதே முள்படல் கிழித்து எழிலரசியின் இடது உள்ளங்கையில் ஒரு கீறல் விழுந்திருந்தது. இருபத்துமூன்றாவது ஆடு துள்ளியது. ஊசி நழுவி, சிரிஞ்சில் இருந்த மருந்து அந்தக் கையிலேயே பீய்ச்சி அடித்தது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டி பட்டிக்கு வெளியே இருந்தது. அதையும் சேர்த்து இன்னும் பதினெட்டு ஆடுகள் அடைபட்டுக் கத்திக்கொண்டிருந்தன. முடித்துவிட்டே கை கழுவினாள்.

வியாழக்கிழமை மதியம் ஜோதியம்மாள் கிளை நிலையத்துக்கு வந்தாள். கையில் ஒரு ஆமணக்கு இலை. அதை மேஜைமேல் வைத்து மெல்லப் பிரித்தாள்.

"இது இன்னான்னு பாருங்க டாக்டரம்மா. காலையில ரெண்டு ஆடு கருவ வீசிடுச்சி. இப்ப ஒண்ணு."

இலையில் இருந்தது சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இல்லை. ஆனாலும் நாலு கால்களுக்கும் அடையாளம் இருந்தது. எழிலரசி வெகுநேரம் அதைப் பார்த்தாள். சினையே இல்லை என்ற பட்டியில் இது எப்படி வந்தது என்பதுதான் முதலில் தோன்றியது.

"கெடா தனியாத்தானே இருந்துது, அக்கா?"

"நம்ம கெடா தனியாத்தான் இருந்துது. வைகாசியில ஏரிக்கரைக் கழனியில கிடை போட்டமே, எருவுக்கு. பக்கத்துல வேற பட்டியும் இருந்துது. அந்தக் கெடா ரெண்டு நாளு நம்ம ஆட்டுல கலந்துடுச்சி. நான்தான் அடிச்சித் தொரத்தினேன்."

"அண்ணன் சொல்லலியே?"

"அவரு எப்படிச் சொல்லுவாரு? சொன்னா நம்ம பட்டிய உட்டுட்டு வேற பட்டிக்குப் போயிடுவீங்கன்னு பயம். என்னை யாரு கேட்டாங்க?"

யாரும் கேட்கவில்லைதான். நாற்பது ஆட்டையும் முகம் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவள் ஜோதியம்மாள். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். எழிலரசி சடையனை மட்டும் கேட்டாள்.

இன்னும் எத்தனை ஆடு வீசும், எத்தனை நாள் வரைக்கும் பயப்பட வேண்டும் என்று பார்க்க அலமாரியிலிருந்து வகுப்பு நோட்டை எடுத்தாள். அவள் நோட்டுகள் எல்லாமே பரீட்சைக்குப் படிப்பவளுடைய நோட்டு மாதிரி இருக்கும். சொன்னதையெல்லாம் எழுதி, முக்கியமானதை ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டிருந்தாள். 'சினை ஆட்டுக்குப் போடவே கூடாது, கரு கலையும்' என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரி, அதுவும் அடிக்கோடிட்டது: 'கர்ப்பிணிகள் இம்மருந்தைத் தொடக் கூடாது. தோல் வழியாக உடம்பில் ஏறும். பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.'

அவளுடைய கையெழுத்துதான். நவம்பரில் எழுதியது. அன்றைக்கு அவள் கர்ப்பமாக இல்லை, அந்த வரி அவளைப் பற்றியதாகவும் இல்லை. எழுதினாள், கோடு போட்டாள், மறந்தாள்.

இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கீறல் காய்ந்து கறுத்திருந்தது. மேஜையில் ஆமணக்கு இலை விரிந்து கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா? இன்னா ஆச்சி? மத்த ஆட்டுக்கும் எதுனா ஆபத்தா?"

"இல்லக்கா," என்றாள். "மத்த ஆட்டைக் கவனமாப் பாத்துக்குங்க. டாக்டர் சாருக்குச் சொல்லி அனுப்பறேன். எனக்கு உடம்பு சரியில்ல, நான் கெளம்பறேன்."

அன்றைக்குப் பௌர்ணமி. கீழ்பென்னாத்தூரில் பஸ் நெரிந்தது. மலை சுற்றப் போகிற கூட்டம் படிவரை தொங்கியது. கம்பியைப் பிடித்து நின்றபடி நாட்களைக் கணக்குப் போட்டாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஆடுகளுக்கு மூன்றாம் நாளில் ஆனது. அவளுக்கு இது பதினோராவது வாரம். முந்தைய இரண்டும் இதே சமயத்தில்தான் போயின. இடுப்பில் ஒரு வலி இருந்தது. அது காலையிலிருந்து இருந்ததா, நோட்டைப் பார்த்த பிறகு வந்ததா என்று யோசித்தாள். நினைவில்லை. அதுவே புதுப் பயமாயிற்று.

பௌர்ணமி என்பதால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி இறக்கிவிட்டார்கள். ஆட்டோக்காரர் யாரும் கூட்டத்துக்குள் வர ஒப்பவில்லை. வேகமாக நடந்தால் ஏதாவது ஆகிவிடுமோ, மெதுவாக நடந்தால் கிளினிக்கை மூடிவிட்டு டாக்டர் போய்விடுவாரோ என்று தெரியாமல், வேகமாகக் கொஞ்ச தூரமும் மெதுவாகக் கொஞ்ச தூரமும் நடந்தாள். எதிரே சனங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்துப் பேசியபடி வந்தார்கள். யார் முழங்கையும் வயிற்றில் இடித்துவிடாமல் பையைக் குறுக்கே பிடித்துக்கொண்டாள். பின்தெருக்களில் புகுந்து, போளூர் ரோட்டில் இருந்த பெண் டாக்டரின் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தபோது சேலை முழுக்க வியர்வையில் ஒட்டியிருந்தது.

டாக்டர் நோட்டை வாங்கிப் படித்தார்.

"எவ்ளோ பட்டுது?"

"கொஞ்சம்தான் மேடம். ஆனா கையில கீறல் இருந்துது."

"ப்ளீடிங் இருக்கா?"

"இல்ல. இடுப்பு வலிக்குது. நடந்து வந்ததாலயான்னு சொல்லத் தெரியல."

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "மூணு நாள் ஆச்சு, ஒண்ணும் ஆகலன்னா நல்லதுதான். ஆனா உனக்கு ஏற்கெனவே ரெண்டு கலைஞ்சிருக்கு. நான் உறுதியா எதையும் சொல்ல மாட்டேன். ஸ்கேன் சென்டர் இன்னிக்குச் சீக்கிரம் மூடிட்டாங்க. காலையில மொதல் ஆளாப் போய் எடுத்துட்டு வா."

அன்பரசன் கடையைப் பூட்டிவிட்டு வந்தபோது விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவன் நின்றபடியே கேட்டான்.

"இது ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா எழில்?"

"எழுதி வச்சிருக்கேங்க."

அவனுக்குப் புரியவில்லை. நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அந்த வரியைப் படித்தான். பிறகு கொல்லைப்புறம் போய் ஒரு சொம்புத் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்து, அவள் இடது கையை இழுத்து வைத்துக் கழுவினான். மூன்று நாள் தாமதம் என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அவன் கழுவினான், அவளும் கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

காலையில் ஸ்கேன் எடுத்தவர் "மூச்சை இழுத்துப் புடிங்க" என்றார், "விடுங்க" என்றார், மறுபடி "புடிங்க" என்றார். எழிலரசி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கின்மேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"ஹார்ட் பீட் இருக்கும்மா. பாருங்க."

சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு புள்ளி விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. வெளியே வந்து அன்பரசனிடம் சொல்ல முயன்றாள். தலையை மட்டும் ஆட்டினாள். அவன் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு முகம் வெளுத்துப்போனான். அப்புறம்தான், "இருக்குதுங்க, இருக்குது" என்றாள்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "சந்தோஷம். ஆனா ரெண்டு வாரம் போகட்டும், அதுக்கப்புறம் தைரியமாச் சொல்றேன்" என்றார்.

அன்று மதியம் ஜெராக்ஸ் கடையிலிருந்து ராமதாசுக்குப் போன் செய்தாள். ஆடுகள் வீசியது அவருக்குத் தெரிந்திருந்தது. தன் விஷயத்தையும் சொன்னாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"சொன்னா கலைஞ்சிடும்னு பயந்தேன் சார்."

"இல்லம்மா. தப்பு என்னுது. மருந்தைக் கையில கொடுக்கும்போது நான் கேட்டிருக்கணும். ஆட்டைப் பத்தி அத்தனை கேள்வி கேட்டேன்." பிறகு, "இனிமே நீங்க மருந்துப் பக்கமே வர வேணாம். ரெண்டாவது ஊசிய நானே போடறேன். ஆனா காலையில போனேன், சடையன் பட்டிக்குள்ளயே விடல. அந்தம்மா வரட்டும், அவங்களத்தான் கேக்கணும்னு நிக்கிறாரு" என்றார்.

ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. டாக்டரம்மா ஊசி போட்டு ஆட்டின் கருவைக் கலைக்கிறாள் என்றார்கள். இன்னும் சிலர், இனி இந்தப் பட்டி குட்டியே போடாது என்றார்கள். அன்பரசன் ஒரே பிடிவாதமாக இருந்தான்.

"நீ போகவே கூடாது. டாக்டர் படுன்னு சொல்லியிருக்காங்க."

"நான் போகலன்னா ஓடிட்டான்னுதான் நினைப்பாரு."

"நினைச்சா நினைச்சிட்டுப் போறாரு. எனக்கு நீ முக்கியம்."

ஒரு வாரம் படுத்திருந்தாள். ஒவ்வொரு விடியலிலும் எழுந்தவுடன் பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் பத்து நிமிஷம் நிம்மதி. மறுபடி வயிற்றில் ஏதோ சுருக்கென்ற மாதிரி இருக்கும். அதற்கிடையே நொச்சிமேட்டு ஆடுகளும் நினைவுக்கு வரும். பதினேழாம் தேதி இரண்டாவது ஊசி போடவில்லையென்றால் முதல் ஊசி வீண். மறுபடி ஆடுகள் சிதறி நிற்கும், மறுபடி பங்குனியில் குட்டிகள் சாகும். மூன்று கரு போனதற்கும் பலன் இல்லாமல் போகும். பதினாறாம் தேதி காலை, "நீங்களும் கூட வாங்க. பேசிட்டு வந்துடலாம். பட்டிக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று அன்பரசனிடம் சொன்னாள். அவளைத் தடுக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. கடையை மூடிவிட்டுக் கூடப் போனான்.

சடையன் பட்டிக்கு வெளியே தழை வெட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டார்.

"மூணு உசுரு போச்சி டாக்டரம்மா. உங்கள நம்பித்தானே புடிச்சிக் கொடுத்தேன்?"

"ஆமாண்ணா. நான் உங்களை மட்டும் கேட்டேன். அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஏரிக்கரையில நடந்தது தெரிஞ்சிருக்கும். அந்த மாசத்துச் சினை கை வச்சிப் பாத்தாலும் தெரியாது, கேட்டுத்தான் தெரிஞ்சிக்கணும். கேக்காதது என் தப்பு."

தன்னைத்தான் குற்றம் சொல்வாள் என்று சடையன் எதிர்பார்த்திருந்தார் போலும். தலையைக் குனிந்துகொண்டார். "மறைச்சது நானு," என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்தார். "இவ்ளோ ஆனதுக்கப்புறமும் ரெண்டாவது ஊசி போடலாம்னு சொல்றீங்களா?"

"சொல்றேன். சினையா இருந்தது வீசிடுச்சி. இனிமே இந்த ஊசியால கலையறதுக்கு எதுவும் இல்ல. போடலன்னாதான் நஷ்டம். ஆனா உங்க ஆடு, நீங்கதான் முடிவு பண்ணணும்."

பக்கத்தில் நின்ற ஜோதியம்மாள் கேட்டாள், "நாளைக்கு யாரு போடறது? நீங்கதானே?"

"டாக்டர் சார் போடுவாரு."

"ஏன், நீங்க போடக் கூடாதா? பயந்துட்டீங்களா?"

எழிலரசி அன்பரசனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்வதும் சொல்லாததும் அவள் விருப்பம். பெற்ற தாயிடமும் சொல்லாததை அவள் பட்டிக்கு வெளியே நின்று சொன்னாள்.

"நான் முழுகாம இருக்கேன்கா. அந்த மருந்து நான் தொடவே கூடாது. ஆட்டுக்குச் செய்யறதைப் பொம்பளைக்கும் செய்யும்."

ஜோதியம்மாள் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள். "அய்யோ, அன்னிக்குக் கையில பட்டுதே! சேலையில தொடச்சியே, நான் பாத்துக்கினுதானே இருந்தேன்!" மரியாதை தானாகவே நழுவிப்போயிருந்தது. "எத்தினி மாசம்? வயித்துல இருக்குதா இன்னும்? டாக்டராண்ட போனியா?"

"போனேன்கா. இருக்குது. ஆனா இன்னும் சொல்ல முடியாதுன்னு சொல்றாங்க."

ஜோதியம்மாள் அவள் தோளைப் பிடித்துப் பட்டியிலிருந்து இருபது அடி தள்ளிக் கூட்டிப்போய்ப் புங்க மரத்தடியில் உட்கார வைத்தாள். திரும்பி வந்து புருஷனிடம் சொன்னாள். "நாளைக்கு ஊசி போடட்டும். இவ்ளோ பயத்தை வச்சிக்கினு நம்ம மூஞ்சில முழிச்சி உண்மையச் சொல்லிட்டுப் போவுது இந்தப் பொண்ணு. பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது இதுக்கு?"

மறுநாள் ராமதாஸ் கையுறை போட்டுக்கொண்டு வந்து ஊசி போட்டார். அதற்கு முன்னால் ஒவ்வொரு ஆட்டையும் காட்டி ஜோதியம்மாளைக் கேட்டார். எழிலரசி அன்றைக்கு வரவில்லை. நாற்பதுக்குச் சடையனின் இரண்டு கிடா பற்றாது என்று பக்கத்துப் பட்டிகளிலிருந்து இன்னும் மூன்றைக் கொண்டுவந்தார்கள். கிடாக்களின் நெஞ்சில் காவிமண்ணை எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். எந்த ஆட்டின் பின்புறத்தில் காவி ஒட்டுகிறதோ அது கிடாவுக்கு நின்றது என்று கணக்கு. மூன்று நாளில் முப்பத்திரண்டு ஆடுகள் காவியோடு திரிந்தன. இப்படி ஒரே சமயத்தில் பட்டி முழுக்கப் பருவத்துக்கு வந்து சடையன் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர் யாரிடமும் பெருமை பேசவில்லை. நின்றது வேறு, தங்குவது வேறு என்று அவருக்கும் பயம் இருந்தது.

இரண்டு வாரம் முடிந்தது. டாக்டர் "தைரியமா இரு" என்றார். எழிலரசிக்குத் தைரியம் வரவில்லை. நாலாவது மாதம் அம்மாவிடமும் மாமியாரிடமும் சொன்னாள். ஐந்தாவது மாதம் வயிற்றில் அசைவு தெரிந்தபோது வாயு என்று நினைத்தாள். கிளை நிலையத்தில் அவளுக்கு எழுத்து வேலை மட்டும்தான். மருந்து அலமாரிச் சாவியையே ராமதாஸ் வாங்கிக்கொண்டுவிட்டார். குட்டி போடுகிற ஆட்டின் பக்கமும் போகக் கூடாது, அதிலும் தொற்று வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நவம்பர் மழையில் ஆடுகளுக்குக் குளம்பு நோய் வந்துவிடுமோ என்று வீட்டிலிருந்தே கவலைப்பட்டாள். மார்கழி நெருங்க நெருங்கத் தன் வயிற்றுக்குப் பயப்படுகிறோமா, அந்த ஆடுகளின் வயிற்றுக்குப் பயப்படுகிறோமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி ஜோதியம்மாள் வேங்கிக்காலுக்கு விசாரித்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கக்கா."

"வேணாம்மா. குட்டி போட்ட ஆட்டையெல்லாம் நான்தான் பாத்தேன். குளிச்சிட்டுத்தான் வந்தேன், இருந்தாலும் உள்ள வர மாட்டேன். உன் டாக்டரம்மா சொன்னாங்கன்னு நீதானே சொன்ன?" படியிறங்கித் தெருவில் நின்றபடியே சொன்னாள். "ஒரு வாரத்துல இருவத்தோரு ஆடு போட்டுச்சி. ரெண்டு குட்டி தங்கல. மத்ததெல்லாம் நல்லாக் குடிக்குது. இன்னும் எட்டோ ஒம்போதோ சினையா நிக்குது, பொங்கலுக்குள்ள போட்டுடும்."

"வீசினதுங்க?"

"மூணுல ரெண்டு போட்டுடுச்சி. ஒண்ணு இந்த வாட்டி நிக்கல."

எழிலரசி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பாதிக்குக் கொஞ்சம் மேல். வகுப்பில் ராமதாஸ் சொன்னதும் அவ்வளவுதான். ஆனாலும் அவள் மனம் அந்த ஒன்றிலேயே நின்றது.

ஜனவரிக் கடைசியில் அவளுக்கு வலி எடுத்தது. ஒரு பகல் முழுக்க இழுத்துப்பிடித்த வலி. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது, இரண்டு கிலோ அறுநூறு கிராம். மணிமொழி என்று பெயர் வைத்தார்கள். எழிலரசி குழந்தையின் கை விரல், கால் விரல்களை எண்ணினாள், மறுநாளும் எண்ணினாள். ஒரு வருஷம்வரை குழந்தைக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் அந்த மருந்தினால் இருக்குமோ என்று டாக்டரைக் கேட்டாள். டாக்டர் முதலில் பொறுமையாக விளக்கினார், பிறகு சிரித்தார், ஒருநாள் அதட்டினார். குழந்தை நடந்து, பேசி, பால்வாடிக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது.

சடையன் பட்டியில் 2001க்குப் பிறகு ஊசி தேவைப்படவில்லை. ஆடுகள் ஓரளவு ஒரே ஒழுங்குக்கு வந்துவிட்டிருந்தன. கிடாவை இரண்டு மாதம் கண்ணிலும் காற்றிலும் படாத தூரத்தில் வைத்துவிட்டு ஆனியில் கொண்டுவந்து விட்டால், அதன் வாடைக்கே பாதி ஆடுகள் பருவத்துக்கு வருவதை ஜோதியம்மாள் கவனித்துச் சொன்னாள். அதுவும் உண்மைதான் என்று ராமதாஸ் மற்ற ஊர்களுக்கும் அதையே சொல்ல ஆரம்பித்தார். பங்குனியில் குட்டி சாவது நொச்சிமேட்டில் வெகுவாகக் குறைந்தது. வேறு சில ஊர்களில் ஊசி தொடர்ந்தது. அங்கெல்லாம் எழிலரசிதான் போனாள்.

இப்போது அவள் பட்டிக்காரரிடம் கேட்டுவிட்டு, ஆட்டை மேய்ப்பவரிடம் தனியாகக் கேட்பாள், வீட்டுப் பெண்ணிடமும் தனியாகக் கேட்பாள். மூன்று பதிலும் ஒத்துப்போனால்தான் ஊசியை எடுப்பாள். ஒரே கேள்வியை மூன்று முறை கேட்கிறாள் என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு.

2004இல் ஒரு முகாம். கிராமத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ஆடு பிடித்துக்கொடுக்க வந்திருந்தார்கள். மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் எழிலரசி கையுறையை மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இந்த மருந்து மேல பட்டா கரு கலையும். சந்தேகம் இருக்கிறவங்க, அப்படி இருக்கலாம்னு நினைக்கிறவங்க, யாரா இருந்தாலும் அந்த வேப்ப மரத்தாண்ட போய் நின்னுக்குங்க. ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நீங்களும் சொல்ல வேணாம்."

யாரும் நகரவில்லை. அவள் பெட்டியைத் திறக்காமல் காத்திருந்தாள். பட்டிக்காரர் நேரமாகிறது என்றார். "பரவால்ல, இருக்கட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கயிற்றைப் பிடித்திருந்த ஒரு பெண் அதைப் பக்கத்தில் இருந்தவள் கையில் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மரத்தடிக்கு நடந்தாள். அவள் போய்ச் சேரும்வரை எழிலரசி பொறுத்திருந்தாள். பிறகு பெட்டியைத் திறந்து முதல் ஆட்டைக் கொண்டுவரச் சொன்னாள்.